கரண்ட் போனாலும் தொடர்பு போகக் கூடாது

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பட்டயப் படிப்பு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்ததும், செயற்கைக்கோள் பற்றி எழுதலாமா, ரோபோ பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டுமே எனக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்த ஒன்றை எழுதுவதே நியாயம் என்று பட்டது. என் அப்பா ஒரு நாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

அப்பா அபிராமபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். அம்மா அதே தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். குடியிருப்பின் தரைத்தளத்தில், மீட்டர் ரூமை ஒட்டிய அறைதான் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்று எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போனாள். என் முதல் வருட ஃபீஸ் அவள் கட்டியது.

அப்பா கேட்ட கேள்வி

2023 டிசம்பர் மாதம். மிக்ஜாம் புயல் நினைவிருக்கும். அப்போது நான் முதலாம் ஆண்டு. அக்கா கல்யாணமாகி பள்ளிக்கரணையில் ஒரு கீழ் வீட்டில் குடியிருந்தாள். ஏழு மாதம்.

3-ஆம் தேதி ஞாயிறு இரவு மழை கொட்டிக்கொண்டிருந்தபோது நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு போனில் படம் பார்த்தேன். 4-ஆம் தேதி காலை எழுந்தபோது கரண்ட் இல்லை. போனில் பேட்டரி 18 சதவீதம். பதினோரு மணி சுமாருக்கு அக்கா பேசினாள். "தண்ணி வாசப்படிக்கு வந்துடுச்சுடா, அப்பாகிட்ட..." அவ்வளவுதான், லைன் கட்டாகிவிட்டது.

திரும்பத் திரும்ப அழுத்தினேன். நாற்பது தடவையாவது இருக்கும். "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற குரல்தான் வந்தது. பிறகு அந்தக் குரலும் வரவில்லை. ஒரு மணிக்குப் போன் அணைந்துவிட்டது. அப்பாவின் பட்டன் போன் காலையிலேயே மோட்டார் ரூம் தண்ணீரில் விழுந்திருந்தது. அம்மா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பா நனைந்த சட்டையோடு என் பக்கம் திரும்பினார்.

"நீ கம்யூனிகேஷன்தானே படிக்கிற? கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்த பேச வழி சொல்லு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று மட்டும் இல்லை, அதற்கப்புறமும் பல நாள் அந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று வருடப் பாடங்களையும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் படித்தேன் என்றே சொல்லலாம்.

முதல் பாடம்: மூன்று இடத்தில் கரண்ட் வேண்டும்

ஒருவர் இன்னொருவரோடு கருவி மூலம் பேச வேண்டுமானால் மூன்று இடங்களில் மின்சாரம் இருக்க வேண்டும். ஒன்று நம் கையில், இரண்டு எதிராளியின் கையில், மூன்றாவது நடுவில். நம் கையில் இருப்பதை மட்டுமே நாம் பார்க்கிறோம். நடுவில் இருப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. "போன் வேலை செய்யல" என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் வேலை செய்யாதது நம் போன் அல்ல, நடுவில் இருப்பதுதான். எந்தக் கருவியைப் பார்த்தாலும் "இதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுப் பழக வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரே கேள்விதான்.

மழை நேரத்தில் கரண்டை ஏன் நிறுத்துகிறார்கள்? சென்னையின் பல பகுதிகளில் மின்கம்பி தரைக்கு அடியில் கேபிளாகப் போகிறது. அந்தக் கேபிள்கள் வந்து சேரும் பில்லர் பாக்ஸ் தெருவோரம், முழங்கால் உயரத்தில் இருக்கும். அதில் தண்ணீர் ஏறினால் சுற்றியுள்ள தண்ணீரிலும் மின்சாரம் பாயலாம். அதனால்தான் மின் வாரியம் முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது. நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அது உயிரைக் காக்கச் செய்வது. 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலில் கதை வேறு. அப்போது தண்ணீரைவிடக் காற்றுதான் எதிரி. மரங்களும் கம்பங்களும் சாய்ந்து, சில பகுதிகளுக்குக் கரண்ட் வரப் பல நாட்கள் ஆயின.

இரண்டாம் பாடம்: கோபுரத்தின் பசி

செல்போன் கோபுரத்திலும் பேட்டரி உண்டு. வாரியத்திடமிருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தை ரெக்டிஃபையர் 48 வோல்ட் டி.சி.யாக மாற்றுகிறது. அது ரேடியோ கருவிகளை இயக்குகிறது, கூடவே பேட்டரி வரிசையையும் நிரப்புகிறது. கரண்ட் போனதும் பேட்டரி கை கொடுக்கும். ஆனால் சில மணி நேரம்தான். அதன் பிறகு டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். டீசலைக் கொண்டுபோகும் வண்டிக்கு ரோடு வேண்டும். ரோடே தண்ணீருக்குள் இருந்தால்? கோபுரம் நின்றுகொண்டுதான் இருக்கும், உயிர் இருக்காது.

ஒரு கோபுரம் படுத்தால் அதன் ஆட்கள் எல்லாரும் பக்கத்துக் கோபுரத்தின் மேல் விழுகிறார்கள். அதே நேரத்தில் ஊரே போனை எடுத்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க முயல்கிறது. தி.நகரில் தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு மாதிரிதான். தெரு இருக்கிறது, நகர முடியாது.

இன்னொரு விஷயம். கோபுரம் தூரமாகப் போகப் போக நம் போன் தன் சக்தியைக் கூட்டிக் கத்துகிறது. சிக்னலே இல்லாதபோது விடாமல் தேடிக்கொண்டே இருக்கிறது. பேட்டரி சீக்கிரம் தீர்வது இதனால்தான். ஆக, நான் நாற்பது தடவை அழுத்தியது எனக்கும் கெடுதல், வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும் கெடுதல். சரியான முறை இதுதான்: போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் மட்டும் திறந்து பார்ப்பது.

பேரிடர் சமயத்தில் ஒரு கம்பெனியின் சிம்மை வைத்திருப்பவர் வேறு கம்பெனியின் கோபுரத்தைப் பயன்படுத்த அரசு ஏற்பாடு செய்வதுண்டு. 2023 ஜூனில் குஜராத்தைத் தாக்கிய பிபர்ஜாய் புயலின்போது இப்படிச் செய்தார்கள். அப்படி அறிவித்தால், போனின் செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வுக்குப் போய் வேறு கோபுரம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலருக்கு இது தெரியாது.

மூன்றாம் பாடம்: பேச முடியாதபோது எழுது

பேச்சுக்கு இரண்டு முனையும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். குறுஞ்செய்திக்கு அது தேவையில்லை. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. அன்றிலிருந்து அதன் தத்துவம் ஒன்றுதான்: வாங்கி வைத்துக்கொள், ஆள் வந்ததும் கொடு. நம் செய்தி ஒரு மையத்தில் போய்த் தங்கும். எதிராளியின் போன் உயிர் பெற்றதும் அங்கிருந்து கிளம்பும். போஸ்ட்மேன் வீடு பூட்டியிருந்தால் மறுநாள் வருவது மாதிரி. அதோடு, ஒரு பேச்சுக்கு வேண்டிய இடத்தில் மிகச் சிறிய பகுதியே இதற்குப் போதும். ஒரே ஒரு கோடு சிக்னல் ஒரு நிமிடம் கிடைத்தால்கூட நுழைந்துவிடும்.

நம் மொழிக்காரர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழ் எழுத்தில் 70-தான். அதிலும் 'கொ' என்பது போன்ற உயிர்மெய் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தைப் பிடிக்கும். நீளமாக எழுதினால் செய்தி இரண்டு மூன்று துண்டாகப் போகும். ஒரு துண்டு தங்கினாலும் முழுச் செய்தி வராது. தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனாலும் ஆபத்து நேரத்தில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது குற்றமில்லை. எழுத வேண்டியவை நான்கு: யார், எங்கே, எப்படி இருக்கிறோம், அடுத்து எத்தனை மணிக்குப் போனைத் திறப்போம்.

நான்காம் பாடம்: மாமி வீட்டுப் பழைய போன்

இப்போது கதைக்குத் திரும்புகிறேன். 5-ஆம் தேதி காலை மழை விட்டிருந்தது. கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு மாமிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு போனேன். அவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். பிள்ளைகள் வெளிநாட்டில்.

"அக்காகிட்ட பேசினியாடா?"

"போன் எல்லாம் செத்துப்போச்சு மாமி."

"என்னோட கார்ட்லெஸ்ஸும் பேசமாட்டேங்கறது. பரண்ல பழைய போன் ஒண்ணு கெடக்கு. எடுத்து மாட்டித்தான் பாரேன்."

ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். தூசி தட்டி, கார்ட்லெஸ்ஸின் ஒயரைக் கழற்றி இதில் சொருகினேன். ரிசீவரைக் காதில் வைத்தேன். டயல் டோன்! அபிராமபுரம் முழுக்க இருட்டாகக் கிடக்கும்போது அந்த "ர்ர்ர்ர்" சத்தம் எங்கிருந்து வந்தது?

எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. செம்புக் கம்பித் தொலைபேசியின் சிறப்பே இதுதான். குரலைச் சுமக்கும் அதே இரண்டு கம்பிகள்தான் மின்சாரத்தையும் சுமக்கின்றன. எக்ஸ்சேஞ்சில் 2 வோல்ட் செல்கள் 24 சேர்த்த 48 வோல்ட் பேட்டரி வரிசை இருக்கும். நாம் ரிசீவரை எடுத்ததும் சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஓடும். பேசுவதற்கு அது போதும். வீட்டில் பிளக் பாயின்ட்டே வேண்டாம். மாமியின் கார்ட்லெஸ் ஏன் வேலை செய்யவில்லை? அதன் அடித்தட்டுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். லைன் நன்றாகத்தான் இருந்தது, வாசலில் நின்ற கருவிதான் தூங்கிவிட்டது.

1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் தொடங்கிய வரலாற்றை நாம் மறந்துவிட்டோம். இப்போது செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. ஃபைபர் வேகமானது, நல்லது. ஆனால் கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது. வீட்டில் இருக்கும் பெட்டிக்கு நாம்தான் 12 வோல்ட் கொடுக்க வேண்டும். பழைய தொலைபேசி தானே சோறு கொண்டு வந்தது. புதியதற்கு நாம் சமைத்துப் போட வேண்டும். மாற்றும்போது இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

ஐந்தாம் பாடம்: நம்பர் எங்கே?

டயல் டோன் கிடைத்த சந்தோஷத்தில் விரலைப் பட்டனில் வைத்தேன். விரல் அங்கேயே நின்றது. அக்காவின் நம்பர் எனக்குத் தெரியாது. என் போனில் 'அக்கா' என்றுதான் இருந்தது. அந்தப் போன் கீழே செத்துக் கிடந்தது.

நண்பர்களே, அந்த நிமிடம் எனக்கு வந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை. 48 வோல்ட் இருக்கிறது, கம்பி இருக்கிறது, காது இருக்கிறது, பத்து எண் இல்லை.

கீழே ஓடி அப்பாவைக் கூட்டி வந்தேன். அவருக்கும் அக்கா நம்பர் தெரியாது. ஆனால் ஒரே ஒரு நம்பர் அவர் வாயில் தானாக வந்தது. திண்டிவனத்தில் கடை வைத்திருக்கும் என் மாமாவின் நம்பர். எஸ்.டி.டி. பூத் காலத்திலிருந்து அழுத்தி அழுத்தி மனப்பாடம். மாமா அதை மாற்றவே இல்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மாமா, எங்க போயிட்டீங்க எல்லாரும்? புள்ள ராத்திரி ரெண்டு மணிக்கு மெசேஜ் போட்டிருக்குது. மேல்வீட்டுக்காரங்களோட இருக்குதாம். சாப்பாடு இருக்குதாம். உங்களுக்குத் தகவல் சொல்லச் சொல்லி எழுதியிருக்குது."

அப்பா "சரி மச்சான், சரி மச்சான்" என்றார். ரிசீவரை வைத்துவிட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். மாமி ஒரு டம்ளரில் மோர் கொண்டு வந்து கொடுத்தார்.

நடந்தது இதுதான். ஊர் அடங்கிய இரண்டு மணிக்கு நெரிசல் குறைந்து, அக்காவின் போனுக்குச் சில நிமிடம் சிக்னல் கிடைத்திருக்கிறது. எங்களுக்கும் மாமாவுக்கும் ஒரே செய்தியை அனுப்பியிருக்கிறாள். திண்டிவனத்தில் வாங்கிக்கொள்ள ஒரு போன் விழித்திருந்தது. எங்களுக்கு அனுப்பியது மையத்தில் காத்திருந்து, 6-ஆம் தேதி நான் சார்ஜ் போட்ட பிறகு என் போனில் வந்து விழுந்தது. அதே நாள் அவளைப் படகில் மெயின் ரோடு வரை கொண்டு வந்து விட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழித்து "நல்லா இருக்கேன், பயப்படாதீங்க" என்ற அவளுடைய செய்தி வருகிறது! எல்லாரும் சிரித்தோம். அம்மா மட்டும் அழுதார்.

இதில் உள்ள பாடம் பெரியது. ஒரே ஊரில் இருக்கும் இருவர் பேச முடியாதபோதும், வெளியூரில் இருக்கும் மூன்றாம் ஆளோடு இருவரும் பேச முடியலாம். அவர் ஜங்ஷன் மாதிரி. அப்பாவுக்கும் அக்காவுக்கும் இது தற்செயலாக அமைந்தது. நாம் இதை முன்கூட்டியே முடிவு செய்துவைக்கலாம்.

ஆறாம் பாடம்: கேட்பதும் தொடர்புதான்

4-ஆம் தேதி மாலை எங்கள் தெரு இஸ்திரி அண்ணன் எங்கள் போர்ட்டிகோவில் ஒதுங்கியிருந்தார். அவரிடம் இரண்டு பேட்டரி போட்ட சின்ன ரேடியோ இருந்தது. ஏர்போர்ட் மூடியிருப்பதும், புயல் ஆந்திரா பக்கம் நகர்வதும் எங்களுக்கு அதில்தான் தெரிந்தது. மாடியில் கார் வைத்திருப்பவர்களும் வந்து அவரைச் சுற்றி நின்று கேட்டார்கள். புயல் மறுநாள் பாபட்லா அருகே கரை கடந்தது.

வானொலிக்கு நெரிசலே கிடையாது. ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் நிலையத்துக்கு ஒரே வேலைதான். நம் சென்னைக்கு இதில் பெருமை உண்டு. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பும் நடந்தது. அகில இந்திய வானொலி என்ற பெயரே வருவதற்கு முன்னால்! 2023-ல் நம் போன்களில் பெரிய சத்தத்தோடு ஒரு சோதனைச் செய்தி வந்தது அல்லவா? அந்த செல் பிராட்காஸ்ட் முறையும் இதே தத்துவம்தான். கோபுரம் ஒரே தடவை சொல்லும், சுற்றியுள்ள போன்கள் எல்லாம் கேட்கும்.

கேட்பதோடு பேசவும் செய்யலாம் என்று காட்டுகிறவர்கள் ஹாம் வானொலி அன்பர்கள். 2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி தன் குழுவினரோடு ஹாம் நிலையம் அமைக்க அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். பொழுதுபோக்காகத் தொடங்கியது அது. 26-ஆம் தேதி சுனாமி வந்தது. கரண்டும் தொலைபேசியும் போயின. அந்தக் குழு தங்கள் கருவிகளை உடனே பேரிடர்ப் பணிக்குத் திருப்பி, தீவில் இருந்தவர்களின் நலத் தகவல்களை நிலப்பகுதியில் தவித்த குடும்பங்களுக்குச் சேர்த்தது. நடுவில் கோபுரமும் இல்லை, எக்ஸ்சேஞ்சும் இல்லை. ஒரு முனையில் ஒரு கருவி, ஒரு பேட்டரி, ஒரு ஏரியல். மறுமுனையிலும் அதேதான். நான் சொன்ன மூன்று இடங்களில் 'நடு' என்பதையே அவர்கள் எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 12 வயது நிரம்பிய யாரும் மத்திய அரசின் தேர்வு எழுதி இந்த உரிமம் பெறலாம். நம் துறை மாணவர்களுக்கு அந்தப் பாடத்திட்டம் கஷ்டமே இல்லை. நான் விண்ணப்பிக்க முடிவு செய்திருக்கிறேன், யாராவது கூட வந்தால் சேர்ந்து படிக்கலாம்.

ஏழாம் பாடம்: ஒரு சின்னக் கணக்கு

பவர் பேங்க்கில் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும். அது உள்ளே உள்ள 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 10 x 3.7 = 37 வாட் மணி. வோல்டேஜை மாற்றுவதிலும் சூட்டிலும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதாக வைத்துக்கொண்டால் மிச்சம் சுமார் 24. இப்போதைய ஸ்மார்ட் போன் ஒன்றின் 5,000 பேட்டரி நிரம்ப சுமார் 19 வாட் மணி வேண்டும். ஆக ஒன்றேகால் தடவைதான். இரண்டு தடவை வரும் என்று நம்பி ஏமாறாதீர்கள்.

அதே பவர் பேங்க் 1,000 பேட்டரி உள்ள பட்டன் போனை ஆறு தடவை நிரப்பும். பட்டன் போன் ஒரு தடவை நிரம்பினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஏழை வீட்டுப் போன் என்று நாம் ஒதுக்குவதுதான் வெள்ளத்தில் கடைசி வரை நிற்கும்.

ஃபைபர் பெட்டிக்கு 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியில் 84 வாட் மணி. இழப்பு போக ஆறு மணி நேரமாவது ஓடும். தொடர்ந்து ஓட விடாமல் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று வைத்தால் பல நாள் வரும்.

வீட்டில் செய்துவைக்க வேண்டியவை

1. ஒரு சின்ன நோட்டில் பத்து நம்பர்களைப் பேனாவால் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஆணியில் மாட்டுங்கள். அதில் இரண்டு நம்பரையாவது மனப்பாடம் செய்யுங்கள்.

2. வெளியூரில் ஒருவரைக் குடும்பத்துக்கு ஜங்ஷனாக முடிவு செய்து, அவரிடமும் சொல்லிவையுங்கள்.

3. போனைத் திறக்கும் நேரத்தை முன்பே பேசிவையுங்கள். காலை 8, மதியம் 1, இரவு 8 என்பது மாதிரி.

4. மழை எச்சரிக்கை வந்த அன்று இரவே எல்லாவற்றையும் சார்ஜ் போடுங்கள். படம் அப்புறம் பார்க்கலாம். இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

5. அவசர எண்கள்: 112, ஆம்புலன்ஸ் 108, மாநகராட்சி 1913, மின்னகம் 94987 94987. தண்ணீரில் பில்லர் பாக்ஸ் பக்கம் போகாதீர்கள். சிக்னல் தேடி மொட்டை மாடியில் இடி நேரத்தில் நிற்காதீர்கள்.

6. தனியாக இருக்கும் பெரியவர்களைக் காலையும் மாலையும் நேரில் போய்ப் பாருங்கள். எந்தக் கருவியும் மூன்று மாடி ஏறி வராது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், 1878 முதல் வந்துகொண்டிருந்த 'தி இந்து' நாளிதழே டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகி வரவில்லை. அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச்சேர முடியவில்லை. அப்படிப்பட்ட நாட்களில்கூட பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட முடியும்.

எங்கள் குடியிருப்பில் இப்போது வாட்ச்மேன் அறையில் ஒரு நோட்டு தொங்குகிறது. எல்லா வீட்டுக்காரர்களின் வெளியூர் சொந்தக்காரர் நம்பரும் அதில் உண்டு. என் கையெழுத்துதான். கடைசிப் பக்கத்தில் அக்கா நம்பர்.

பயிற்சி

இன்றிரவு ஒரு மணி நேரம் வீட்டு மெயினை அணைத்துவிடுங்கள். உங்கள் செல்போனையும் அணைத்துவிடுங்கள். பிறகு பதில் எழுதுங்கள். (அ) யாருடைய நம்பர் நினைவிருக்கிறது? (ஆ) வீட்டில் எந்தக் கருவி இன்னும் உயிரோடு இருக்கிறது? (இ) அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? (ஈ) முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?

சென்ற மாதம் இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 48 வோல்ட், மில்லி ஆம்பியர் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்போ அன்னைக்கு லைன் இருந்துச்சு, நம்மகிட்டதான் நம்பர் இல்ல" என்றார். பிறகு எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த நோட்டை எடுத்து வந்து, "இத ஒரு தடவ படி, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்றார்.

அக்கா நம்பர் இப்போது எங்கள் மூன்று பேருக்கும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.